கரிசல் வெயிலும் கனவு இல்லமும்

தமிழ்நாடு அரசின் ஊரக வளர்ச்சித் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

 குடிசைகளை அகற்றும் நோக்கத்துடன் 2024-இல் அரசு தொடங்கிய ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டம், வீடு ஒன்றுக்கு மூன்றரை லட்சம் ரூபாயும் 360 சதுர அடியும் வகுத்து, அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளமும், எஞ்சிய 60 சதுர அடிக்குப் பயனாளி விரும்பும் தீப்பற்றாக் கூரையும் விதித்திருக்கிறது. இதன் தர்ம சிந்தனையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கமுதி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காடுகளில், பகலெல்லாம் காய்ந்த தளம் விளக்கு வைத்த பிறகே தன் உஷ்ணத்தை உள்ளே இறக்கத் தொடங்க, மின்விசிறி அதையே கீழே தள்ள, சம்சாரி கயிற்றுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு களத்துக்குப் போய்விடுகிறார். வீட்டுக்குள் குடியிருப்பது விதைச் சோளமும் தட்டுமுட்டுச் சாமான்களுமே.

இங்கிலாந்தில் பிறந்து கேரளத்தைக் கர்மபூமியாக்கிக்கொண்ட கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (1917–2007) பரவலாக்கிய ‘எலிப்பொறிக் கட்டு’ என்னும் சுவர் கட்டும் முறை, இந்தச் சூட்டைத் தணிக்கப் பெரிதும் அனுகூலமானது. செங்கற்களைப் படுக்க வைக்காமல் குத்தாக நிறுத்தி, இரு வரிசைகளுக்கும் நடுவே மூன்று அங்குலம் வெற்றிடம் விட்டு, இடையிடையே குறுக்குக் கல்லால் பிணைத்தால், ஒன்பது அங்குலச் சுவர் அப்படியே எழும்பிவிடுகிறது. செங்கலில் ஏறக்குறைய கால்வாசி மிச்சம். உள்ளே அடைபட்ட காற்றோ வெயிலைத் தடுத்து நிறுத்துகிறது. சாந்து உள்ளே விழாதபடி கொத்தனார் அந்த இடைவெளியில் ஒரு மரச்சட்டத்தைச் செருகிக்கொண்டு வேலை செய்வார். விரலால் தட்டிப் பார்த்துப் ‘பொக்குச் சுவர்’ என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆனால் மூலைகளையும் நிலை, ஜன்னல் ஓரங்களையும் கெட்டியாகக் கட்டினால், ஒற்றைத் தள வீட்டுக்கு அது தாராளமாகப் போதும். நம் சூளைக் கற்கள் கோணல்மாணலாக இருப்பதுதான் உண்மையான சிரமம். நல்ல அச்சில் அறுத்த கல்லாகப் பார்த்து எடுக்கவேண்டும். குறைந்த கல்லுக்குக் குறைந்த மண்ணும், குறைந்த விறகும் போதுமென்பதைச் சொல்லவேண்டியதில்லை.

தளத்துக்கும் வழியுண்டு. அடிப்பாகத்தில் இழுவிசையைத் தாங்குவது கம்பியேயன்றிக் கான்கிரீட் அன்று. ஆகவே கம்பிகளுக்கிடையே, பழைய வீடுகளைப் பிரித்தெடுத்த மங்களூர் ஓடுகளை இரண்டிரண்டாக அடுக்கி வார்த்தால், சிமெண்டும் குறையும், சூடும் தணியும். மேலே வெள்ளைச் சுண்ணாம்பு அடித்துக்கொள்வது அவரவர் பாடு.

ஆதலால், இவ்விரண்டு முறைகளும் திட்ட மதிப்பீட்டிலும் அளவுப் புத்தகத்திலும் ஐயத்துக்கிடமின்றி இடம்பெறவேண்டும். எழுத்தில் இல்லாத ஒன்றுக்குக் கையெழுத்திட எந்த ஓவர்சீயரும் துணியமாட்டார். வறண்ட மாவட்டங்களில் நீண்ட சுவர்கள் வடக்கும் தெற்கும் பார்க்க, அந்த 60 சதுர அடி, மேற்கு வெயிலை மறைக்கும் ஓட்டுத் தாழ்வாரமாக அமையட்டும். செங்கலில் மிஞ்சும் பணத்தைச் சிக்கனம் என்ற பெயரில் மானியத்திலிருந்து கழித்துவிடாமல், அந்தத் தாழ்வாரச் செலவுக்கே விட்டுவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கரிசல் சம்சாரி ஒருவன்