விளையாட்டும் படிப்புதான்

ஆசிரியருக்கு,

விளையாட்டுப் பயிற்றுவிப்பைக் கல்லூரிப் பாடமாகப் படிப்பது பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரையை முழுமனதாக ஆதரிக்கிறேன். உடற்கல்வி என்றால் படிப்பு ஏறாதவர்களுக்கு என்ற நினைப்பு நம் வீடுகளில் இன்னும் போகவில்லை. சாதாரண நிலைத் தேர்வு முடித்த என் தங்கை மகன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் இந்தப் பட்டயப் படிப்பை எடுக்கப் போவதாகச் சொன்னதும், “படித்து என்ன வேலைக்குப் போவாய்?” என்றுதான் பெரியவர்கள் கேட்டார்கள். உடலியங்கியல், காயத் தடுப்பு என்று அவன் படிப்பதைப் பார்த்தபின், கேட்டவர்களே முழங்கால் வலிக்கு அவனிடம் யோசனை கேட்கிறார்கள்!

1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 10.38 விநாடியில் ஓடித் தேசியச் சாதனை படைத்த சிங்கப்பூர் ஓட்டக்காரர் சி. குணாளன், பின்னாளில் தேசியக் கல்விக் கழகத்தில் உடற்கல்வி விரிவுரையாளராக இருந்தவர். அந்தச் சாதனையை 2001ல் முறியடித்த யு.கே. ஷியாமும் நம்மவரே. சென்னை ஒய்எம்சிஏ உடற்கல்விக் கல்லூரியோ 1920லேயே தொடங்கிவிட்டது. இதன் பிறகும் ஏன் தயக்கம்?

சமூக மன்றங்களில் நடக்கும் மேற்கல்வி வழிகாட்டி நிகழ்ச்சிகளில் மருத்துவம், சட்டம், கணினி ஆகியவற்றுடன் இத்துறை மாணவர்களையும் பயிற்றுவிப்பாளர்களையும் பேச அழைக்கலாம். சம்பளம், வேலை வாய்ப்பு பற்றியும் அவர்கள் ஒளிக்காமல் சொல்லட்டும். அம்மன்றங்களின் இந்திய நற்பணிச் செயற்குழுக்கள் இதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

வாசகர்,
தோ பாயோ