வில்லியம் கூப்பரின் வாழ்க்கையை எங்கிருந்து எழுதுவது?

1938 டிசம்பர் 6 அன்று மெல்பர்னில் இருந்த ஜெர்மன் துணைத் தூதரகத்துக்கு ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளின் குழு ஒன்று போனது. யூதர்கள்மீது நாஜிகள் ஏவிய வன்முறையைக் கண்டிக்கும் தீர்மானம் அவர்கள் கையில் இருந்தது. உள்ளே இருந்தவர்கள் அதை வாங்க மறுத்துவிட்டார்கள். குழுவை அனுப்பிய பூர்வகுடிகள் சங்கத்தின் செயலாளர் வில்லியம் கூப்பரை உலகம் இன்று அறிந்திருப்பது பெரும்பாலும் இந்த ஒரு நாளை வைத்துத்தான். இஸ்ரேலின் யாத் வாஷெம் நினைவகமும் அவரைக் கௌரவித்திருக்கிறது. பெருமைக்குரிய செயல், சந்தேகமில்லை. ஆனால் அவரது வாழ்க்கை வரலாற்றை அந்த நாளைச் சுற்றியே எழுதினால், எண்பது வயதுவரை எதற்காக அவர் ஓயாமல் போராடினாரோ அது ஓரத்துக்குப் போய்விடும். அவருடைய மண்ணிலிருந்தும் உறவுகளிலிருந்தும் தொடங்குவதே முறை.

யோர்ட்டா யோர்ட்டா மக்களில் ஒருவரான கூப்பர் நிலம் கேட்டு 1887-லேயே எழுதியவர். எழுபதைத் தாண்டிய வயதில், 1933-ல், மர்ரே ஆற்றங்கரையிலுள்ள கம்மராகஞ்சா குடியிருப்பை விட்டு மெல்பர்னின் ஃபுட்ஸ்க்ரே பகுதிக்குக் குடிபெயர்ந்தார். அரசின் பூர்வகுடிக் குடியிருப்புகளில் இருந்தவர்களுக்கு அப்போது முதியோர் ஓய்வூதியம் கிடைக்கவில்லை. ஊரை விட்டால்தான் அது கிடைக்கும் என்ற நிலை இருந்தது. மன்னருக்கு அனுப்புவதற்கான மனுவில் 1,814 கையெழுத்துகளைத் திரட்டினார். நாடாளுமன்றத்தில் தங்களுக்கு ஒரு பிரதிநிதி வேண்டும் என்பது அதன் முக்கியக் கோரிக்கை. 1937-ல் மனு அரசின் கைக்குப் போனது. மறு ஆண்டு தொடக்கத்தில், அதை மன்னருக்கு அனுப்பப்போவதில்லை என்று அமைச்சரவை முடிவெடுத்தது. அதே 1938-ல் வெள்ளையர் குடியேறிய 150ஆம் ஆண்டை நாடு கொண்டாடியபோது, ஜனவரி 26-ஐப் பூர்வகுடித் தலைவர்கள் சிட்னியில் துக்க நாளாக அனுசரித்தார்கள். கூப்பர் அவர்களில் ஒருவர். சொந்த அரசு கதவைச் சாத்திய அந்த ஆண்டின் கடைசி மாதத்தில்தான் தூதரக நிகழ்ச்சி வருகிறது. இந்த வரிசையில் வைத்துப் பார்க்கும்போது, யூதர்களுக்காக எழுந்த குரலில் தம் மக்களுக்கான குரலும் கலந்திருந்தது தெரியும். 2021-ல் அவரது வாழ்க்கை வரலாற்றை எழுதிய பெய்ன் ஆட்வுட்டும் இந்தத் தொடர்பை வலியுறுத்துகிறார்.

அந்த ஒரு நாள் இல்லாவிட்டால் இவரைப் பற்றி யார் படிப்பார்கள் என்று கேட்கலாம். படிக்க வருகிறவர்களுக்கு அது வாசலாக இருக்கட்டும், வீடே அதுதான் என்று காட்டாமல் இருந்தால் சரி. இதைவிடக் கனமான ஆட்சேபம் ஆவணங்களைப் பற்றியது. கூப்பரின் சொந்தத் தாள்கள் மிகக் குறைவு. கிடைப்பவற்றில் பெரும்பகுதி, அமைச்சர்களுக்கு எழுதி அரசுக் கோப்புகளில் தங்கிப்போன கடிதங்கள். அவற்றை எழுத ஆர்தர் பர்டியூ போன்ற வெள்ளைக்கார நண்பர்கள் உதவினார்கள். அப்படியானால் அதில் கேட்பது யாருடைய குரல்? அந்த நண்பர்கள் வருவதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன்பே கூப்பரும் அவரது மக்களும் நிலமும் உரிமையும் கேட்டுவிட்டார்கள் என்பதே என் பதில். வாக்கிய அமைப்பில் பிறர் கை இருக்கலாம், கோரிக்கை அவர்களுடையது. ஆனாலும் அமைச்சருக்கு எழுதும் கடிதத்தில் பணிவுதான் தெரியும். வீட்டில் பேசிய கோபம் தெரியாது. 1917-ல் போர்முனையில் மகன் டேனியலை இழந்த தகப்பனின் மனதைக் கோப்பில் முழுதாகத் தேட முடியாது.

அதற்குத்தான் குடும்பத்தாரின் நினைவுகள் வேண்டும். வாய்மொழியில் மிகைப்படுத்தல் இருக்கும் என்பார்கள். இருக்கும், சரிபார்க்கத்தான் வேண்டும். பூர்வகுடிகளின் வாழ்வைக் கட்டுப்படுத்திய அதிகாரிகள் எழுதிவைத்த கோப்புகளையும் அதே கண்டிப்போடு சரிபார்ப்பதுதான் நியாயம். குடும்ப நினைவுகளைத் தேடிச் சேர்ப்பதற்குக் கூப்பரின் உறவுகளிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கூப்பரின் தங்கை ஏடாவை மணந்த ஆசிரியர் தாமஸ் ஷாட்ராக் ஜேம்ஸ், மொரீஷியஸில் இந்திய வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தவர். பின்னாளில் தெற்கு ஆஸ்திரேலியாவின் ஆளுநரான டக்ளஸ் நிக்கல்ஸ் கம்மராகஞ்சாவில் அவரிடம் படித்தவர். அந்த ஆசிரியரின் இந்திய வேர்களைத் தேடிப் போனவர் அவர் வழிவந்த ஜார்ஜ் நெல்சன். வாழ்நாள் முழுவதும் நீண்ட அந்தத் தேடல், மகள் ராபினுடன் சேர்ந்து எழுதிய புத்தகமாக 2014-ல் வெளிவந்தது.