பெரிய சர்வர் வாங்குமுன் கணக்கைக் கேட்போம்



நாள் விலை, சரக்கு வரவு, ஆர்டர் எல்லாமே இன்று கைபேசியில்தான் நடக்கின்றன. விலைப்பட்டியல் வெளியார் கைக்குப் போகாதிருக்க, சொந்தமாக ஒரு சாட் சர்வர் வைத்துக்கொள்ள வியாபாரிகள் விரும்புவது நியாயமே. ஆனால் தீபாவளி நேரத்தில், காலையில் கடைக்காரர்கள் எல்லோரும் ஒன்றாக ஆர்டர் போடும்போது சர்வர் படுத்துவிட்டால், அன்றைய வியாபாரம் அடுத்த மண்டிக்குப் போய்விடும். அமைத்துக் கொடுத்தவரைக் கூப்பிட்டால், "கூட்டம் தாங்கவில்லை, பெரிய மெஷின் போடுங்கள்" என்று கொட்டேஷன் நீட்டுவார். அதில் கையெழுத்திடுமுன் சில கேள்விகள் கேட்க வேண்டும் என்பதே நமது கருத்து.

சாட் சர்வரில் நாம் போடும் செய்திகள் பின்னால் உள்ள ஒரு தரவுத்தளத்தில் பதிவாகின்றன. அங்கே போய்வர 'இணைப்பு' வேண்டும். அதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில், யாரும் மாற்றாதவரை, அது 100. அதிலும் 3 நிர்வாகிக்கென ஒதுக்கப்பட்டவை, மீதி 97. மைஎஸ்க்யூஎல் என்றால் 151. வரம்பு நிறைந்ததும் அடுத்த இணைப்புக்கு மறுப்புத்தான்.

இதனால் 97 பேர்தான் பேசலாம் என்று பொருளல்ல. ஒரு செய்தியைப் பதிவதற்கு ஒரு கண் சிமிட்டும் நேரம்கூட ஆகாது. சாட் மென்பொருள் சில இணைப்புகளைத் திறந்து வைத்து, ஒருவர் வேலை முடிந்ததும் அதையே அடுத்தவருக்குக் கொடுக்கும். இதற்குப் 'பூல்' என்று பெயர். ஆகவே நூற்றுக்கணக்கான கடைகளுக்கும் சில பத்து இணைப்புகளே பெரும்பாலும் போதும்.

பிறகு ஏன் நிறைகிறது? ஒன்று, மென்பொருளில் உள்ள குறையால், எடுத்த இணைப்பு திரும்ப வருவதில்லை. இரண்டு, ஒரே தரவுத்தளத்தில் சாட்டுக்கு 60, பில்லிங்குக்கு 60 என்று தனித்தனிப் பூல் வைத்தால் கூட்டுத்தொகை 120. உள்ளதோ 97.

சோடா கம்பெனிக்குக் காலி கிரேட் திரும்பவில்லை என்றால் யாரிடம் நிற்கிறது என்று பார்ப்போமா, புதுக் கிரேட் வாங்கிக்கொண்டே இருப்போமா? இதுவும் அப்படித்தான். போஸ்ட்கிரெஸில் ஒவ்வோர் இணைப்பும் தனியே நினைவகத்தைத் தின்னும். வரம்பை 500 ஆக்கினாலும், கசிவு இருந்தால் அதுவும் நிறையும். சர்வரை நிறுத்திப் போட்டதும் சரியாகி, சில நாளில் மீண்டும் படுத்தால், கசிவைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

எனவே மூன்று கேட்போம்:

1. சர்வர் படுத்த நேரத்தில் இருந்த இணைப்புகளின் பட்டியல் எங்கே? பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி என்ற அட்டவணையைப் பார்த்தால், எது வேலை செய்கிறது, எது சும்மா நிற்கிறது என்று தெரியும். படுக்குமுன்னரே இதை அவ்வப்போது பதிவு செய்துவர வேண்டும்.

2. எல்லாப் பூல்களின் கூட்டுத்தொகை வரம்புக்குள் உள்ளதா?

3. வேலையைப் பாதியில் விட்டு நிற்கும் இணைப்பைத் தானாக அறுக்கும் கெடு வைத்திருக்கிறார்களா? நாம் வைத்தாலொழிய அது கிடையாது.

எல்லா இணைப்பும் உண்மையாகவே உழைத்தும் போதவில்லை என்று பட்டியல் காட்டினால், தாராளமாகப் பெரிய மெஷின் வாங்கலாம். முன்னதாக பிஜிபவுன்சர் என்ற இலவச மென்பொருளையும் முயன்று பார்க்கலாம்.

பராமரிப்பு ஒப்பந்தத்திலேயே இந்த மூன்றையும் எழுதி வாங்குவோம். எடை பார்க்காமல் மூட்டை இறக்காத நாம், கணக்குப் பார்க்காமல் கம்ப்யூட்டருக்கு மட்டும் பணம் கொடுப்பானேன்?