விற்றவர் வேறு மாநிலம், வாங்கியவர் பீடோர்: வாரண்டி புகாரை எங்கே கொண்டுபோவது?

பீடோரில் இருந்தபடியே இணையத்தில் வாஷிங் மெஷின் வாங்குகிறீர்கள். ஆறே மாதத்தில் நின்றுவிடுகிறது. விற்ற நிறுவனம் சிலாங்கூரில். "வாரண்டியில் வராது" என்கிறது. 2,000 வெள்ளிக்காக யார் வழக்கறிஞர் வைப்பது என்று விட்டுவிடுவீர்களா?

விட வேண்டியதில்லை. 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் நாடு முழுமைக்கும் ஒன்றுதான். பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது அது. வாரண்டி அட்டையில் எதை அச்சடித்தாலும் அந்த உரிமை போகாது.

எங்கே போவது?

பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்கு. 50,000 வெள்ளி வரை கோரலாம். கட்டணம் 5 வெள்ளிதான். பிரச்சினை எழுந்த 3 ஆண்டுக்குள் முதல் பாரத்தை இணையத்திலேயே பதியலாம்.

பெரிய நிறுவனத்தோடு மோத முடியுமா?

அங்கே பொதுவாக இரு தரப்புக்கும் வழக்கறிஞர் கிடையாது. நிறுவனம் தன் ஊழியரைத்தான் அனுப்ப வேண்டும். தீர்ப்பை 14 நாளில் நிறைவேற்றாவிட்டால் அது குற்றம்.

ஒன்றில் மட்டும் கவனம்: பாரத்தில் பிராண்ட் பெயரை எழுதாதீங்க. ரசீதில் உள்ள நிறுவனத்தின் பதிவுப் பெயரையும் முகவரியையும் எழுதுங்க. ரசீது, வாரண்டி அட்டை, வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழிச்சிடாதீங்க. உங்களுக்காகப் பேசப்போவது அவைதான்.