கானிங் மலையும் ஒரு துண்டுக் கல்லும்

சிங்கப்பூருக்கு 200 வயதா, 700 வயதா? ராஃபிள்ஸ் வந்து இறங்கியதன் இருநூறாம் ஆண்டை 2019இல் கொண்டாடியபோது, அரசே கதையை 1299இலிருந்துதான் தொடங்கியது. கண்காட்சிக்குத் தேர்ந்த இடம் கானிங் கோட்டைப் பூங்கா. காரணம் அந்த மண்ணுக்குள் இருக்கிறது.

மலாய்க்காரர்களுக்கு இது 'புக்கிட் லாரங்ஙான்', அதாவது ஏறக்கூடாத மலை. பழைய அரசர்களின் இருப்பிடம் என்று அஞ்சினார்கள். 1822இல் ஜான் கிராஃபர்ட் இங்கே செங்கல் இடிபாடுகளையும் பானையோடுகளையும் சீனக் காசுகளையும் கண்டு எழுதிவைத்தார். பிறகு வந்தவர்கள் மலையை விட்டுவைக்கவில்லை. கல்லறைத் தோட்டம் வந்தது. 1859இல் உச்சியைச் சமன்செய்து கோட்டை கட்டத் தொடங்கினார்கள். நீர்த்தேக்கத்துக்குத் தோண்டியபோது, 1928இல், ஜாவானிய பாணித் தங்க நகைகள் அகப்பட்டன.

முறையான அகழாய்வு 1984இல்தான் நடந்தது. இஸ்கந்தர் ஷா பெயரால் வணங்கப்படும் கெராமாட்டின் அருகே ஜான் மிக்சிக் தோண்டினார். பதினான்காம் நூற்றாண்டுச் சீனப் பீங்கானும் கண்ணாடி மணிகளும் கலையாத மண்ணடுக்கில் கிடைத்தன. யாரும் கட்டடம் எழுப்பாத சரிவு என்பதால் தப்பிய சான்று அது. அகழ்ந்த இடத்தை இன்றும் கூரைக்குக் கீழே பார்க்கலாம்.

மலையடிவாரத்து தேசிய அருங்காட்சியகத்தில் அந்த நகைகளில் சில உள்ளன. அங்கேதான் தமிழர்கள் அதிகம் பேசும் சிங்கப்பூர்க் கல்லும் இருக்கிறது. ஆற்றின் முகத்துவாரத்தில் நின்ற பாறையை 1843இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். எஞ்சிய துண்டு இது. இதிலுள்ள சில எழுத்துகள் 'பரகேசரிவர்மன்' என்ற சோழப் பட்டத்தின் பகுதியாக இருக்கலாம் என்று இயன் சின்க்ளேர் 2019இல் ஒரு கருத்தை முன்வைத்தார். உடனே நம்மவர்களில் சிலர் 'சோழர் கட்டிய சிங்கப்பூர்' என்று எழுதத் தொடங்கிவிட்டார்கள்.

கொஞ்சம் நிதானிக்கலாம். ராஜேந்திரன் படையெடுப்பு 1025 வாக்கில். மலையில் கிடைத்தவை அதற்குச் சுமார் 300 ஆண்டுகள் பிந்தியவை. 'செஜாரா மெலாயு' சொல்லும் ராஜா சூலன் கதையிலும் அவன் தெமாசெக் வரை வந்து திரும்பிப் போகிறான். சோழர் பெயர் இந்தக் கடலில் நெடுங்காலம் மதிக்கப்பட்டது என்பதற்கு அது சாட்சி. நகரை நிறுவியதற்கு அல்ல.

பாடாங் திடல் 2022இல் தேசிய நினைவுச் சின்னமானது. திறந்த பசும்வெளிக்கு அந்தத் தகுதி கிடைத்தது அதுவே முதல் முறை. மண்ணுக்கும் மதிப்பு வந்துவிட்டது. அதிலிருந்து வருவதை, நமக்குப் பிடித்ததோ இல்லையோ, உள்ளபடி படிப்பதுதான் நம் பங்கு.