66 பேர் எப்போது விமானம் ஏறுவது?

வெளிநாட்டு மேற்படிப்புக்கான மத்திய அரசின் தேசிய உதவித்தொகைக்கு, 2025-26 பட்டியலில் பெயர் வந்தும் கடிதம் வராமல் 66 பேர் காத்திருந்தார்கள். வந்த விண்ணப்பங்கள் 440. தேர்வானவர்கள் 106 பேர். அதில் 40 பேருக்கு மட்டும் தற்காலிக அனுமதிக் கடிதம். மற்றவர்களுக்கு, ‘நிதி இருப்பைப் பொறுத்து’ என்று ஒரு வரி. ஆளைத் தேர்ந்தெடுத்து, ஊரறியப் பட்டியலும் போட்டுவிட்டு, அதன் பிறகு கல்லாப்பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறார்கள்.

1954-55 முதல் நடந்துவரும் திட்டம் இது. பட்டியலினத்தவர், சீர்மரபினர், நாடோடிப் பழங்குடியினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர், பாரம்பரியக் கைவினைஞர் வீட்டுப் பிள்ளைகளுக்கானது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாயைத் தாண்டக் கூடாது. ஆண்டுக்கு 125 இடங்கள். 2025-26-இல் அந்த 125-ஐயே நிரப்பவில்லை என்பதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. 66 பேருக்குக் கடிதம் இல்லை என்ற செய்தியில் அது அமுங்கிப்போய்விட்டது.

வெளிநாடு போகும் மாணவருக்கு யோசனை சொல்ல இப்போது ஆள் பஞ்சமில்லை. குளிருக்கு என்ன உடுப்பு, பெட்டியில் எத்தனை கிலோ பருப்புப் பொடி, இறங்கியதும் எந்த சிம் கார்டு, வங்கிக் கணக்கு தொடங்க எந்தச் சான்று என்று காணொளிகள் குவிந்து கிடக்கின்றன. எல்லாம் நல்ல யோசனைகள்தான். ஆனால் அவை அனைத்தும் விமானத்தில் ஏறியவருக்கு. கடிதம் வராதவர் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு காணொளியும் சொல்வதில்லை.

அந்தக் காகிதம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். 2025 கோடையில் லண்டனில் படிக்க இடம் கிடைத்தவர் மாணவர் விசா கேட்டால், கல்விக் கட்டணம் நீங்கலாக, மாதம் 1,483 பவுண்டு வீதம் ஒன்பது மாதச் செலவுக்குப் பணம் காட்ட வேண்டியிருந்தது. மொத்தம் 13,347 பவுண்டு. நம் பணத்தில் 15 லட்சத்துக்கு மேல். அந்தத் தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கில் குறையாமல் கிடக்க வேண்டும். செலவை அரசு ஏற்கிறது என்று எழுத்தில் இருந்தால் இந்த இருப்பைக் காட்ட வேண்டியதில்லை. அந்த எழுத்துதான் அப்போது 66 பேரிடம் இருக்கவில்லை. அப்போது விசாக் கட்டணம் 524 பவுண்டு, மருத்துவக் கூடுதல் கட்டணம் ஆண்டுக்கு 776 பவுண்டாக இருந்தன. போய் இறங்கினால் வீட்டுக்காரர் முன்பணம் கேட்பார். உள்ளூரில் ஜாமீனுக்கு ஆள் இல்லையென்றால் பல மாத வாடகையை மொத்தமாக வைக்கச் சொல்வதும் அப்போது வழக்கமாக இருந்தது.

புதுக்கோட்டை மாவட்டத்துக் கந்தர்வகோட்டைப் பக்கம் முந்திரிக் காட்டில் கூலிக்குப் போகும் குடும்பம் இந்த 15 லட்சத்தை எங்கே புரட்டும்? வங்கிக்குப் போகலாம் என்பார்கள். ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக் கடன் என்றால் சொத்துப் பிணை கேட்பதுதான் வழக்கம். நிலமற்றவர் பிள்ளை என்பதால் திட்டத்தில் இடம்; அந்தத் திட்டம் கைவிட்டதால் நிலப் பத்திரத்தோடு வங்கி வாசலில் நிற்க வேண்டும். இந்தக் கோமாளித்தனத்தை முடிவெடுத்தவர்களில் ஒருவரும் யோசித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இவர்கள் சும்மா விண்ணப்பம் போட்டுப் பார்த்தவர்களும் அல்லர். உலகத் தரவரிசையில் முதல் 500-க்குள் இருக்கும் பல்கலைக்கழகத்தில் நிபந்தனையற்ற அனுமதி பெற்றால்தான் விண்ணப்பிக்கவே முடியும். அந்தப் பல்கலைக்கழகங்களில் பலவற்றில் செப்டம்பரில் வகுப்பு தொடங்குகிறது. மீதிக் கடிதங்கள் பிறகு வரலாம்.  ஆகஸ்ட் கடைசியில் கடிதம் வாங்கிக்கொண்டு, அதன் பிறகு விசா வாங்கி, பயணச்சீட்டுப் போட்டு, தங்க இடம் பிடித்து, முதல் வகுப்பில் உட்காருவது எப்படி என்று கடிதம் அனுப்புகிறவர்கள் கூடவே ஒரு குறிப்பும் அனுப்பினால் நல்லது.

பணம் இருக்கிறது, மேலே ஒப்புதல் வரவில்லை என்று ஒரு சமாதானம் கசிந்தது. 70 ஆண்டுப் பழைய திட்டம். ஒவ்வோர் ஆண்டும் இதே பருவத்தில் மாணவர்கள் கிளம்புவார்கள் என்பது தெரியாத மேலிடமா?

தெரியாமல் இல்லை, அக்கறை இல்லை. 2022 பிப்ரவரியில் இதே திட்டத்தில் மத்திய ஆட்சியாளர்கள் என்ன செய்தார்கள்? இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்திய சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு இனி உதவித்தொகை கிடையாது என்று ஒரு வரியைச் செருகினார்கள். அதே ஆண்டு டிசம்பரில்தான் நம் மாவட்டத்து வேங்கைவயலில் பட்டியலின மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்தது வெளியே வந்தது. அது ஏன் நடந்தது என்று வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்து ஆராய நினைக்கும் வேங்கைவயல் பிள்ளைக்கு இந்தத் திட்டத்தில் இடமில்லை. பொறியியல் படிக்கப் போகலாம். சாதியைப் படிக்கப் போகக் கூடாது.

அந்த டிசம்பரிலேயே இன்னொன்றும் நடந்தது. சிறுபான்மை மாணவர்களின் வெளிநாட்டுக் கல்விக் கடனுக்கு வட்டி மானியம் தந்துவந்த ‘படோ பர்தேஷ்’ திட்டத்துக்கு மூடுவிழா. கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் கடலுக்குப் போகும் வீட்டுப் பிள்ளைக்கு, படித்து முடிக்கும்வரை வட்டி ஏறாது என்ற ஒரு தெம்பு இருந்தது. அதையும் பிடுங்கினார்கள். மௌலானா ஆசாத் ஆய்வு உதவித்தொகையையும் அப்போதே நிறுத்தினார்கள். ஏற்கெனவே அதில் இருந்தவர்களுக்கும் 2025-இல் மாதக்கணக்கில் பணம் போகவில்லை. உக்ரைன் போரிலிருந்து உயிர் தப்பி வந்த மருத்துவ மாணவர்களை 2022-இல் கல்லூரி கல்லூரியாக, நீதிமன்றம் நீதிமன்றமாக அலையவிட்டதும் நினைவிருக்கும். துறைகள் வேறு வேறு என்று கணக்கு சொல்வார்கள். அலட்சியம் ஒன்றுதான்.

புதுக்கோட்டைக்கு இதில் ஒரு தனிக் கோபம் உண்டு. மற்ற மாணவர்களின் பெற்றோர்கள் எதிர்த்தபோதும் மன்னர் கல்லூரியில் ஆண்களுக்கு நடுவே முத்துலட்சுமி என்ற பெண்ணைச் சேர்த்துக்கொண்ட ஊர் இது. அவர் டாக்டராகி, 1920களில் அரசு உதவியோடு லண்டன் போய் மேலும் பயின்று வந்தார். ஓர் அந்நிய அரசுக்கு இருந்த அந்தச் சின்னப் பொறுப்பை நம் அரசிடம் எதிர்பார்ப்பது பேராசையா?

தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் 36 லட்சம் ரூபாய் வரை தருகிறது. டெல்லி கைவிட்டவர்களில் தமிழகத்துப் பிள்ளைகள் இருந்தால் அவர்களை இதற்குள் கொண்டுவர ஏதாவது வழி காணலாம். பட்டியல் வெளியிடும் முன்பே நிதிக்கு ஒப்புதல் வாங்கும்படி நடைமுறையைத் திருத்த வேண்டும். எப்படித் திருத்துவது என்பது திருத்த வேண்டியவர்களுக்குத் தெரியும்.

2009 தேர்தலில் இருந்து புதுக்கோட்டைக்கென்று தனி மக்களவைத் தொகுதி இல்லை. மாவட்டத்தைத் திருச்சி, சிவகங்கை, ராமநாதபுரம், கரூர் என்று நான்காகப் பிய்த்துக் கொடுத்துவிட்டார்கள். ஆக, நமக்கு எம்.பி.க்கள் நான்கு பேர். நாடாளுமன்றத்தில் அவர்களில் ஒருவராவது எழுந்து, எந்தத் தேதியில் எத்தனை பேருக்குக் கடிதம் போனது என்று கேட்கட்டும்.