நோய்க்குத் திகதி குறிக்கும் சட்டம்

குறைந்த வருமானத்தினருக்கான யுனிவர்சல் கிரெடிட் உதவித்தொகை பற்றிய சட்டமூலத்தின் மூன்றாம் வாசிப்பு 2025 ஜூலை 9, புதன்கிழமை, பிரித்தானிய நாடாளுமன்றத்தின் கீழ்ச்சபையில் 336 க்கு 242 என்ற வாக்குகளால் நிறைவேறிவிட்டது. ஆளும் தொழிற்கட்சியின் 47 உறுப்பினர்கள் எதிர்த்து வாக்களித்தும் பயனில்லை. இதற்கு எட்டு நாள் முன்னர், ஜூலை 1 ஆம் திகதி, விவாதம் நடந்துகொண்டிருக்கும்போதே மாற்றுத்திறனாளிகளின் அன்றாடச் செலவுக்கான பிப் (PIP) கொடுப்பனவை வெட்டும் பிரிவை அரசு மீளப்பெற்றது. அன்று நாடெங்கும் மாற்றுத்திறனாளிகளின் வீடுகளில் நிம்மதி பிறந்தது. வெட்டு போய்விட்டது என்றே பலரும் நம்பினார்கள். போனது ஒரு வெட்டு மட்டும். மற்ற வெட்டு புதன்கிழமை இரவு சபையைத் தாண்டிவிட்டது. அதைப் பற்றிப் பேசுவோர் குறைந்துபோனதுதான் நம்மை இன்று எழுத வைக்கிறது.

தாண்டிவந்த வெட்டு இதுதான். நோயினாலோ உடற்குறையினாலோ வேலை செய்ய முடியாதவர்களுக்கு யுனிவர்சல் கிரெடிட்டுடன் மேலதிகமாகச் சுகவீனத் தொகை ஒன்று கிடைக்கிறது. 2025 இல் அது மாதம் 423.27 பவுண், வாரக் கணக்கில் சுமார் 97 பவுண். 2026 ஏப்ரல் 6 முதல் புதிதாக இதற்கு உரித்தாகிறவர்களுக்கு மாதம் 217.26 பவுண்தான், அதாவது வாரம் 50 பவுண். விலைவாசி எவ்வளவு ஏறினாலும் இந்தப் பத்தாண்டின் இறுதிவரை அந்தத் தொகை ஏறாது. ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட வருங்கால நோயாளிகள் ஆண்டுக்குச் சராசரி 3,000 பவுண் இழப்பார்கள் என்பது அரசின் சொந்த மதிப்பீடு. எல்லோருக்குமான அடிப்படைத் தொகை சற்றே உயர்கிறது என்பது உண்மை. அந்த உயர்வு இந்தக் குழியை நிரப்பாது.

ஒரே தெருவில் இருவரை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் ஒரே வயது, ஒரே வாடகை, ஒரே பக்கவாதம். ஒருவர் 2025 இல் விழுந்தார். மற்றவர் 2026 கோடையில் விழுவார். முன்னவருக்கு வாரம் 97 பவுண், பின்னவருக்கு 50. பின்னவரின் கை அதிகமாக அசையப் போவதில்லை. அவருடைய மின்சாரக் கட்டணம் பாதியாகப் போவதில்லை. மருந்தகத்துக்குப் போக அவர் பிடிக்கும் டாக்சிக்காரர் பாதிக் காசு வாங்கப் போவதில்லை. எதுவும் மாறாத இடத்தில் உதவி மட்டும் பாதியாகிறது. அதற்குச் சொல்லப்படும் ஒரே காரணம், அவர் பிந்தி நோய்வாய்ப்பட்டார் என்பது. எந்த மருத்துவ நியாயமும் இந்தக் கோட்டுக்கு இல்லை, எந்த அற நியாயமும் இல்லை. ஏற்கெனவே பெறுகிறவர்களிடமிருந்து பறித்தால் கூச்சல் எழும். இன்னும் நோயாளியாகாதவர் இன்று கூச்சலிட மாட்டார். இந்தக் கணக்கில் போட்ட கோடு இது.

வேலைக்குப் போக ஊக்கம் கொடுக்கவே இந்த மாற்றம் என்கிறார்கள். இந்த வாதத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். சுகவீனத் தொகையை யார் பெறுகிறார்கள்? விண்ணப்பித்த எல்லோரும் அல்ல. வேலை, ஓய்வூதியத் திணைக்களம் அனுப்பும் மதிப்பீட்டாளர் முன் போய், கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி, வேலை செய்ய மட்டுமல்ல, வேலைக்கு ஆயத்தம் செய்யவும் இயலாதவர் என்று அதே திணைக்களம் எழுத்தில் ஒப்புக்கொண்டவர்கள்தான் பெறுகிறார்கள். உன்னால் வேலை செய்ய முடியாது என்று கையொப்பமிட்ட அதே கை, வேலைக்குப் போகத் தூண்டுவதற்காக என்று சொல்லி அவரது உணவுக் காசை எடுக்கிறது. முடியாதவரை ஊக்கப்படுத்துவது எப்படி? பசியினால் முதுகெலும்பு நேராகுமா? வறுமையினால் சிறுநீரகம் வேலை செய்யுமா? இந்தக் கேள்விக்குச் சபையில் எந்த நேரடிப் பதிலும் வரவில்லை.

பதில் இல்லாததற்குக் காரணம் உண்டு. இந்தத் தொகைகள் நோயாளியின் தேவையைப் பார்த்து வகுக்கப்பட்டவை அல்ல. 2025 மார்ச் 18 ஆம் திகதி அரசின் யோசனைகளைச் சொல்லும் பச்சை அறிக்கை வந்தது. அதில் சொன்ன சேமிப்பு எதிர்பார்த்த அளவு வராது என்று வரவு செலவைக் கணிக்கும் சுயாதீன அலுவலகம் சொன்னதும், மார்ச் 26 வசந்தகால அறிக்கைக்கு முன்னர் அவசரமாக மேலும் சில வெட்டுகள் சேர்க்கப்பட்டன. பாதியாக்கப்பட்ட 50 பவுணை ஆண்டுக்கணக்கில் உறையவைக்கும் முடிவு அந்த அவசரத்தில் வந்தது. அடிப்படைத் தொகையின் உயர்விலும் அப்போது ஒரு பவுண் குறைந்தது. நிதியமைச்சின் கடைசி வரியில் வரவேண்டிய எண்ணை முதலில் எழுதிவிட்டு, அதற்கேற்ற நோயாளிகளைப் பிறகு தேடியிருக்கிறார்கள்.

கருத்துக் கேட்டோம் என்றும் சொல்கிறார்கள். இந்தப் பாதியாக்கம் பற்றியோ பிப் வெட்டுப் பற்றியோ மக்களிடம் கருத்தே கேட்கப்படவில்லை. கருத்துக்கு விடப்பட்டவை வேறு விடயங்கள். அந்தக் கருத்துக் கோரலும் ஜூன் 30 ஆம் திகதிதான் முடிந்தது. மறுநாள் இரண்டாம் வாசிப்பு வாக்கெடுப்பு. எழுதி அனுப்பிய பல்லாயிரம் பேரின் கடிதங்களை எந்த இரவில் படித்து முடித்தார்கள்?

கடும் நோயாளிகளுக்கு விலக்கு உண்டு என்ற சமாதானத்தையும் நாம் ஏற்க முடியாது. மரணத்தை நெருங்கியவர்களும், வாழ்நாள் முழுக்க நீங்காத கடும் நோயுள்ளவர்களும் முழுத் தொகை பெறுவார்கள் என்கிறது சட்டமூலம். அதன் வாசகமோ இயலாமை 'எப்போதும்' இருக்க வேண்டும் என்கிறது. பார்க்கின்சன் நோயாளிக்குக் காலையில் மருந்து பிடித்தால் சட்டைப் பொத்தானைப் பூட்டுவார். மாலையில் கரண்டி பிடிக்கவும் முடியாது. மல்ட்டிபிள் ஸ்க்லெரோசிஸ் ஒரு மாதம் விட்டுவைக்கும், அடுத்த மாதம் படுக்கையில் போடும். இப்படி ஏறி இறங்கும் நோய்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று ரேச்சல் மாஸ்கெல் உள்ளிட்ட உறுப்பினர்கள் மன்றாடினார்கள். வாசகம் அப்படியே நின்றது.

நோய் தேசிய சுகாதார சேவையின் வழியாகவே உறுதிசெய்யப்பட வேண்டும் என்றும் அந்த விலக்குக்கு நிபந்தனை உண்டு. 2025 இல் ஏழு மில்லியனுக்கும் மேற்பட்ட சிகிச்சைகள் காத்திருப்புப் பட்டியலில் கிடந்த நாட்டில் இந்த நிபந்தனை. போரிலிருந்து தப்பி வந்த நம் தமிழ்ச் சமூகத்துக்கு இதன் பொருள் இன்னும் கனமானது. இலண்டனின் ஹரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் டூட்டிங்கிலும் ஷெல் துண்டைக் காலில் சுமந்தபடி வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். உறக்கத்தில் அலறி எழுந்தும், மனநல நிபுணரிடம் ஒருபோதும் போகாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய வலிக்கு இந்த நாட்டின் கோப்புகளில் பெயரே பதிந்திராது. ஆங்கிலப் படிவத்தைப் பிள்ளைகள் பள்ளி முடிந்து வந்துதான் நிரப்பிக் கொடுக்கிறார்கள். தந்தைக்குக் கழிப்பறைக்குப் போக உதவி வேண்டுமா என்ற கேள்வியைப் பதினான்கு வயது மகள் மொழிபெயர்த்துக் கேட்கும் வீடுகள் நம்மிடம் எத்தனை!

பிப் படிவத்தின் புள்ளிக் கணக்கைப் பார்த்தால் இவர்கள் மனிதரை எப்படி எண்ணுகிறார்கள் என்பது தெரியும். பிப் மதிப்பீட்டில், தலையையோ இடுப்புக்குக் கீழேயோ கழுவ இன்னொருவர் உதவி வேண்டுமென்றால் இரண்டு புள்ளி. தோளுக்கும் இடுப்புக்கும் இடையில் கழுவ உதவி வேண்டுமென்றால் நான்கு புள்ளி. இடுப்புக்குக் கீழ் உடுத்த உதவி வேண்டுமென்றால் இரண்டு. மேலே உடுத்த உதவி வேண்டுமென்றால் நான்கு. இன்று நான்கு செயல்களில் இரண்டிரண்டாக எட்டுப் புள்ளி சேர்ந்தாலே அன்றாட வாழ்க்கைக்கான கொடுப்பனவு கிடைக்கும். கைவிடப்பட்ட பிரிவோ, ஒரே செயலில் நான்கு புள்ளி இல்லாதவருக்கு ஒரு சதமும் இல்லை என்றது. சமைக்கவும் கழிப்பறைக்குப் போகவும் துணைக்கருவியும், தலை கழுவவும் இடுப்புக்குக் கீழ் உடுக்கவும் இன்னொருவர் கையும் தேவைப்படும் ஒருவர், இரண்டிரண்டாகப் புள்ளி பெற்ற குற்றத்துக்காக விரட்டப்பட்டிருப்பார். அந்தப் பிரிவு மீளாய்வுக்கு விடப்பட்டது. புதைக்கப்பட்டுவிட்டது என்று யாரும் உறங்கவேண்டாம்.

அந்தப் பிரிவு போனதும் தானாகப் போகவில்லை. 120 க்கும் மேற்பட்ட தொழிற்கட்சி உறுப்பினர்கள் சட்டமூலத்தை நிறுத்தும் திருத்தத்தில் ஒப்பமிட்டார்கள். விக்கி ஃபாக்ஸ்கிராஃப்ட் இந்த வெட்டுக்கு வாக்களிக்க முடியாது என்று கொறடாப் பதவியைத் துறந்தார். அந்த உறுதிக்கு நம் வணக்கம். ஆனால், ஒப்பமிட்டவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே பெறுகிறவர்களுக்குப் பாதுகாப்பு என்ற சலுகை வந்ததும் அமைதியானார்கள். ஜூலை 1 இல் 49 பேரே எதிர்த்து நின்றார்கள். சட்டமூலம் 335 க்கு 260 என்று கரையேறியது. 120 பேர் நின்றிருந்தால் சுகவீனத் தொகையும் தப்பியிருக்கும். இன்றைய நோயாளியைக் காப்பாற்ற நாளைய நோயாளியை விட்டுக்கொடுத்தார்கள். கன்சர்வேற்றிவ் கட்சி எதிர்த்து வாக்களித்ததை வைத்தும் யாரும் ஏமாற வேண்டாம்; வெட்டு போதாது என்பதே அவர்களது குறை.

வைட்ஹாலில் இந்த முடிவுகளை எடுப்பவர்களுக்கு இது புதிய பழக்கம் அல்ல. கட்சி மாறும், அமைச்சர் மாறுவார், கதவில் உள்ள பெயர்ப்பலகை மாறும். உள்ளே எழுதப்படும் குறிப்பு மாறுவதில்லை. 2012 லும் 2013 லும் ஊனமுற்றோர் உழைத்துச் சம்பளம் வாங்கிய ரெம்ப்ளாய் தொழிற்சாலைகளை மூடினார்கள். வேலைக்குப் போ என்று இன்று சொல்கிறவர்கள், வேலை இருந்த இடத்துக்கு அன்று பூட்டுப் போட்டார்கள். 2015 ஜூன் 30 இல், கடும் இயலாமை உள்ளவர்கள் தம் வீட்டிலேயே வாழ உதவிய நிதியத்தை மூடினார்கள். 2016 வரவு செலவுத் திட்டத்தில் பிப் புள்ளிகளை வெட்டப் பார்த்தார்கள். சொந்த அமைச்சரே பதவி விலக, சில நாட்களில் பின்வாங்கினார்கள். அதே ஆண்டு ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமைக் குழு, இந்த நாட்டில் பாரதூரமான அல்லது திட்டமிட்ட உரிமை மீறல்கள் நடந்துள்ளன என்று அறிக்கையிட்டது. அதையும் தள்ளிவைத்தார்கள்.

2017 ஏப்ரலில் செய்ததை மறக்கவே கூடாது. வேலைக்கு ஆயத்தமாகும் குழுவில் வைக்கப்பட்ட நோயாளிகளின் வாராந்தத் தொகையில் 29 பவுணை வெட்டினார்கள். அதுவும் புதியவர்களுக்கு மட்டும். அப்போதும் வேலைக்கு ஊக்கம் என்றே காரணம் சொன்னார்கள். எட்டு ஆண்டு கழிந்தும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மற்றவர்களுக்கும் இடையிலான வேலைவாய்ப்பு இடைவெளி 30 சதவீதப் புள்ளிக்கு அண்மையிலேயே நின்றது. ஒருமுறை பலிக்காத அதே மருந்தை இன்னும் கூடிய அளவில் ஊற்றுகிறார்கள்.

நீதிமன்றங்கள் சொன்னதும் இவர்கள் காதில் விழவில்லை. உளநோயினால் தனியே வெளியே போக முடியாதவர்களுக்கு பிப் புள்ளியைக் குறைத்த விதி வெளிப்படையான பாகுபாடு என்று உயர் நீதிமன்றம் 2017 டிசம்பரில் தீர்ப்பளித்தது. 16 இலட்சம் கோப்புகளைத் திரும்பப் பார்க்க வேண்டி வந்தது. 2018 இல், பழைய கொடுப்பனவிலிருந்து மாற்றப்பட்ட பல்லாயிரம் நோயாளிகளுக்கு ஆண்டுக்கணக்காகக் குறைத்துக் கொடுத்தது அம்பலமானது. 2025 ஜனவரியிலும் நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது: வேலை மதிப்பீட்டு மாற்றம் பற்றி 2023 இல் நடத்திய கருத்துக் கோரல் சட்டவிரோதமானது, பணம் மிச்சம்பிடிக்கும் நோக்கத்தை மறைத்து, வேலைக்கு உதவி என்று அதைக் காட்டியது தவறு. தீர்ப்பு வந்து சுமார் இரண்டு மாதத்தில் பச்சை அறிக்கை வந்தது, அதே சொல்லோடு. பிப் மறுக்கப்பட்டுத் தீர்ப்பாயம்வரை போகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வெல்கிறார்கள். இப்படி மீண்டும் மீண்டும் பிழைவிட்டவர்களின் கையில் ஏழு இலட்சம் பேரின் வாழ்வாதாரத்தை மறுபடி கொடுப்பது எந்த நிர்வாக நியாயம்?

இவர்களின் எண்களையும் நம்ப வழியில்லை. 2025 மார்ச்சில் 250,000 பேர் வறுமைக்குள் தள்ளப்படுவார்கள், அதில் 50,000 பேர் குழந்தைகள் என்றார்கள். ஜூன் இறுதியில் 150,000 என்றார்கள். ஜூலையில், வறுமை குறையும் என்றார்கள். நான்கு மாதத்துக்குள் மூன்று கணக்கு. இரண்டரை இலட்சம் பேர் வறுமையில் விழுவார்கள் என்று தம் கையாலேயே எழுதிய பிறகும் சட்டமூலத்தைச் சபைக்குக் கொண்டுவர இவர்களுக்குத் தயக்கம் வரவில்லை. அதுதான் மன்னிக்க முடியாதது. காக்க வேண்டிய திணைக்களமே வேலி பயிரை மேய்ந்த கதையாக நிற்கிறது.

செலவு ஏறுகிறது என்பது மெய். கோவிட்டுக்குப் பின் நோயாளிகள் பெருகியிருக்கிறார்கள், மனநலச் சேவைகள் திணறுகின்றன, ஓய்வு வயது ஏறியதால் நோயோடு வேலைசெய்யும் வயதில் இருப்போர் கூடியிருக்கிறார்கள். இந்தக் காரணங்களில் ஒன்றைக்கூட வாரம் 47 பவுணை எடுப்பது தீர்க்காது. பணம் வேண்டுமென்றால், சுமக்கக்கூடிய தோள்கள் இந்த நாட்டில் வேறு இருக்கின்றன. அவற்றைத் தொட அஞ்சுகிறவர்கள் படுக்கையில் கிடப்பவரின் பக்கம் திரும்புகிறார்கள்.

நிதிச் சட்டமூலம் என்பதால் பிரபுக்கள் சபை இதை மாற்றவும் முடியாதிருந்தது. ஆகவே பொறுப்பு கீழ்ச்சபையிலேயே இருக்கிறது.  அடுத்த வரவு செலவுத் திட்டம் இருக்கிறது. பிப் மீளாய்வு இருக்கிறது. குளிர்கால எரிபொருள் உதவியை வெட்டிய அதே அரசு, மக்கள் எதிர்த்தபோது அதைப் பெரும்பாலானோருக்குத் திருப்பிக் கொடுத்தது. எதிர்த்து வாக்களித்த 47 பேர் ஓயக்கூடாது. ஒப்பமிட்டுவிட்டு ஒதுங்கியவர்கள் திரும்பி வரவேண்டும். நம் தொகுதிகளில் வாக்குக் கேட்டுக் கோயில் திருவிழாவுக்கும் பொங்கல் விழாவுக்கும் வருகிற உறுப்பினர்களிடம் நாமும் ஒன்றையே கேட்போம்: அந்தப் புதன்கிழமை இரவு நீங்கள் எந்தப் பக்கம் வாக்களித்தீர்கள்? பாதியாக்கப்பட்ட தொகை முழுமையாகத் திரும்பும்வரை அந்தக் கேள்வியை விடக்கூடாது. நோயாளியின் உரிமைக்குத் திகதி குறிக்க எந்தச் சபைக்கும் அதிகாரம் இல்லை; அப்படிக் குறித்த சட்டம் நீக்கப்பட்டே ஆகவேண்டும்.